மேகமூட்டமான வானில் எரிகல் பொழிவைப் பார்த்தல்: தென்சென்னைப் புறநகர்

ஒரு வால்மீனோ சிறுகோளோ தன் பாதையில் விட்டுச் சென்ற தூசியின் ஊடே பூமி கடந்து போகும்போது, அந்தத் துகள்கள் வளிமண்டலத்தில் மிகுந்த வேகத்தில் நுழைந்து ஒளிர்வதை எரிகல் பொழிவு என்கிறோம். பேச்சு வழக்கில் எரிநட்சத்திரம், நட்சத்திரம் விழுதல் என்றெல்லாம் சொல்வது இதைத்தான். விழுவது நட்சத்திரம் அல்ல. பெரும்பாலும் மணல் துகள் அளவுள்ள தூசி. பூமி ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்துக்கு அதே நாளில் வந்து சேர்வதால், பொழிவுகளும் ஏறக்குறைய அதே தேதிகளில் திரும்ப வருகின்றன.

சென்னைக்காரர்களுக்கு இந்தத் தேதிகளில்தான் சிக்கல். ஓரியன் பொழிவு அக்டோபர் 21 வாக்கில், சிம்மப் பொழிவு நவம்பர் 17 வாக்கில், ஆண்டின் மிகச் சிறந்த பொழிவான மிதுனப் பொழிவு (ஜெமினிட்ஸ்) டிசம்பர் 14 வாக்கில் உச்சம் பெறுகின்றன. மூன்றும் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குள் வருகின்றன. சென்னைக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் சுமார் 140 செ.மீ. மழையில் பாதிக்கும் மேல் இந்த மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழையில் தாம்பரத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அதிலிருந்து இரண்டு வாரம் கழித்து வந்தது அந்த ஆண்டின் மிதுனப் பொழிவு.

ஆகவே மாலையில் மேகத்தைப் பார்த்ததும் "இன்றைக்கு ஒன்றும் தெரியாது" என்று பலர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். வானம் முழுவதும் மூடியிருந்தால் அது சரியே. ஆனால் பாதி மூடிய வானம் வேறு கதை. கணக்குப் போட்டுப் பார்த்தால், தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் போன்ற இடங்களில் நம் கண்ணிலிருந்து எரிகற்களை அதிகமாகப் பறிப்பது மேகமல்ல, விளக்கு வெளிச்சம் என்று தெரியவரும். அந்தக் கணக்கைத்தான் இக்கட்டுரையில் முதலில் பார்க்கப்போகிறோம்.

எரிகல் எங்கே, மேகம் எங்கே

எரிகற்கள் ஒளிர்வது தரையிலிருந்து சுமார் 80 முதல் 120 கி.மீ. உயரத்தில். மழை மேகத்தின் அடிப்பகுதியோ ஒரு கி.மீ. உயரத்திலேயே இருக்கக்கூடும். இந்த வேறுபாட்டை மனத்தில் வாங்கிக்கொண்டால் மேகத்தைப் பற்றிய அச்சம் பாதி குறையும்.

தாம்பரத்தில் ஒரு மொட்டை மாடியில் நின்று, தென்மேற்கே, அடிவானத்துக்கும் தலையுச்சிக்கும் நடுவே 45 பாகை உயரத்தில் ஓர் எரிகல்லைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது 100 கி.மீ. உயரத்தில் ஒளிர்ந்திருந்தால், நம்மிடமிருந்து 100 கி.மீ. தள்ளி, ஏறக்குறைய திண்டிவனத்துக்கு மேலே ஒளிர்ந்திருக்கிறது. வடமேற்கே அதே உயரத்தில் பார்த்தால் அது திருப்பதிப் பக்கம். ஆனால் அதே திசையில் அதே உயரத்தில் தெரியும் ஒரு தாழ்மேகம் மேற்குத் தாம்பரத்தையே தாண்டியிருக்காது. அதாவது நமக்கு மறைந்த எரிகல், நாலு கி.மீ. தள்ளி வேறொரு மாடியில் நிற்பவருக்கு மேக இடுக்கில் நன்றாகத் தெரிந்திருக்கும். சேலையூரில் ஒருவர், வண்டலூரில் ஒருவர், கேளம்பாக்கத்தில் ஒருவர் என்று நண்பர்கள் பிரிந்து நின்று பார்த்தால் ஒருவருக்கு விட்டுப்போனது இன்னொருவருக்குக் கிடைக்கும்.

மேகம் நிற்பதும் இல்லை. மணிக்கு 18 கி.மீ. வேகமுள்ள சாதாரணக் காற்றில், ஒரு கி.மீ. அகலமுள்ள மேகம் தலைக்கு மேல் கடந்து போக 200 விநாடி போதும். மூன்றரை நிமிடத்துக்கும் குறைவு.

எங்கே பார்ப்பது என்பதும் இதிலிருந்தே வரும். தென்னந்தோப்பின் நடுவே நின்று நிமிர்ந்து பார்த்தால் வானம் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் மரங்கள் ஒன்றையொன்று மறைத்துச் சுவர்போல் நிற்கும். திட்டுத் திட்டான மேகங்களும் அப்படித்தான். தலைக்கு மேல் இடைவெளி இருக்கும் அதே வானம் அடிவானத்தருகே முழுவதும் மூடியதுபோல் தோன்றும். அடிவானத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், 50 பாகைக்கு மேலே உள்ள வானத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

மணிக்கு 150 என்று நாளிதழில் வருவது

ஒவ்வொரு டிசம்பரிலும் "இன்று இரவு மணிக்கு 150 எரிநட்சத்திரங்கள்" என்று செய்தி வரும். பிள்ளைகள் நம்பி மாடிக்குப் போய், அரை மணி நேரத்தில் ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு ஏமாந்து இறங்குவார்கள். அந்த எண் பொய்யல்ல. ஆனால் அது ஒரு தரப்படுத்தப்பட்ட எண். பொழிவு புறப்படுவதுபோல் தோன்றும் இடம் சரியாகத் தலையுச்சியில் இருந்து, மேகமே இல்லாமல், 6.5 ஒளிப்பொலிவு எண் வரை மங்கலான விண்மீன்கள் தெரியும் காரிருள் வானில் ஒருவர் பார்த்தால் எத்தனை தெரியும் என்பதே அதன் பொருள். ஒளிப்பொலிவு எண் கூடக் கூட விண்மீன் மங்கலானது என்பதை நினைவில் கொள்க.

நம் ஊருக்கு அதை மாற்ற மூன்று திருத்தம் தேவை.

முதலாவது உயரம். மிதுனப் பொழிவு புறப்படும் இடம் காஸ்டர் விண்மீனுக்கு அருகில் உள்ளது. காஸ்டர், போலக்ஸ் இரண்டும் சேர்ந்ததே நமது புனர்பூசம். தாம்பரம் ஏறக்குறைய 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால், டிசம்பர் நடுவில் இந்த இடம் இரவு ஏழரை மணி வாக்கில் கிழக்கு-வடகிழக்கில் எழுந்து, பத்து மணிக்கு 30 பாகையும் நள்ளிரவில் 54 பாகையும் ஏறி, அதிகாலை இரண்டேகால் மணி வாக்கில் 70 பாகை உயரத்துக்கு வரும். உயரத்தின் சைன் மதிப்பால் பெருக்க வேண்டும். 70 பாகைக்கு அது 0.94. எனவே 150 என்பது 141 ஆகும். இதில் நமக்குப் பெரிய இழப்பில்லை.

இரண்டாவது வெளிச்சம். மிதுனப் பொழிவில், கண்ணுக்கு எட்டும் எல்லை ஓர் எண் குறைந்தால் தெரியும் எரிகற்கள் 2.6இல் ஒரு பங்காகக் குறையும். புறநகர் மாடியில் எல்லை 4 என்று கொண்டால், 6.5இலிருந்து இரண்டரை எண் குறைகிறது. 2.6ஐ இரண்டரை முறை பெருக்கினால் சுமார் 11. ஆகவே 141ஐ 11ஆல் வகுக்க வேண்டும். மிஞ்சுவது மணிக்கு 13.

மூன்றாவதுதான் மேகம். நாம் பார்க்கும் பகுதியில் பாதி மூடியிருந்தால் பாதி எரிகற்கள் போகும். 13 என்பது ஆறு அல்லது ஏழாகும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். மேகம் எடுத்தது இரண்டில் ஒன்று. விளக்கு எடுத்தது பதினொன்றில் பத்து! மேகத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது, வெளிச்சத்தை ஓரளவு செய்யலாம். மாடி விளக்கையும் படிக்கட்டு விளக்கையும் அணைத்து, தெருவிளக்கு நேராகக் கண்ணில் படாதபடி தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து, எல்லையை 4இலிருந்து 4.5க்கு உயர்த்தினாலே எண்ணிக்கை 1.6 மடங்காகும். பாதி மூடிய வானிலும் மணிக்குப் பத்து வரை வரும். ஊரை விட்டு விலகி 5.5 வரை தெரியும் வயல்வெளிக்குப் போனால், மேகமில்லாத நேரத்தில் மணிக்கு ஐம்பதுக்கு மேல். அங்கே பாதி மேகம் இருந்தாலும், தாம்பரத்தின் தெளிந்த வானத்தைப்போல் இரண்டு மடங்கு தெரியும்.

இன்னொரு கணக்கும் உண்டு. எரிகற்கள் கடிகாரம்போல் சீரான இடைவெளியில் வருவதில்லை. மணிக்கு ஆறரை என்ற சராசரியில், பத்து நிமிடம் மட்டும் எட்டிப் பார்ப்பவர்களில் மூன்றில் ஒருவருக்கு ஒன்றுகூடத் தெரியாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் போக வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டுக்கும் குறைவு. மேகத்தின் மேல் போடப்படும் பழியில் பெரும்பகுதி இந்தப் பத்து நிமிடப் பொறுமைக்குச் சேர வேண்டியது.

எந்த மாதம், எந்த நேரம்

தெளிந்த வானம்தான் வேண்டும் என்பவர்கள் மே மாதத்தை நாடலாம். கும்பப் பொழிவு (ஈட்டா அக்வாரிட்ஸ்) மே 6 வாக்கில், அதாவது கத்திரி வெயில் தொடங்கும் நாட்களில் உச்சம் பெறுகிறது. ஹேலி வால்மீனின் தூசி இது. அக்டோபரில் வரும் ஓரியன் பொழிவும் அதே வால்மீனின் தூசிதான். புறப்படும் இடம் இரவு ஒன்றே முக்கால் மணி வாக்கில் கிழக்கே எழுந்து, நாலரை மணிக்கு 40 பாகை உயரத்தில் இருக்கும். வட ஐரோப்பியர்களுக்கு இந்த வசதி கிடைக்காது; நமக்கு நன்றாகக் கிடைக்கும். ஆயினும் இதன் தரப்படுத்தப்பட்ட வீதம் 50 மட்டுமே. மேலே சொன்ன திருத்தங்களைப் போட்டால், மேகமே இல்லாத தாம்பரத்து வானில் மணிக்கு மூன்று அல்லது நான்கு. பாதி மூடிய டிசம்பர் இரவு இதைவிட ஏறக்குறைய இரு மடங்கு தருகிறது.

ஆகஸ்ட் 13 வாக்கில் வரும் பெர்சியஸ் பொழிவு உலகெங்கும் புகழ்பெற்றது. நமக்கு அது வடக்கு வானில் சற்றுத் தாழ்வாகத்தான் இருக்கும். விடியுமுன் 40 பாகையைச் சற்றே தாண்டும். ஆடி மாதக் கடைசியில் சென்னையில் இடிமழை பெரும்பாலும் மாலையிலும் முன்னிரவிலும் வருகிறது. மழை ஓய்ந்து மேகம் கலைய நேரம் கிடைப்பதால், அதிகாலை மூன்று முதல் ஐந்து மணி வரையிலான நேரம் இரண்டு வகையிலும் நல்லது: மேகமும் குறையும், பொழிவும் உயரும்.

வடகிழக்குப் பருவமழை இதற்கு நேர்மாறு. அக்டோபர், நவம்பரில் கடற்கரையோர மழை பின்னிரவிலும் விடியற்காலையிலும் கூடுதலாக இருக்கும். கடலிலிருந்து மேகத் திரள்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரும். நடுவே வெளுத்த வானம் தெரியும். தாம்பரம் கடலிலிருந்து சுமார் 15 கி.மீ. உள்ளே இருப்பதால், அடுத்த திரள் வருவதைக் கிழக்கே பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஓரியன், சிம்மப் பொழிவுகள் நள்ளிரவுக்குப் பின்தான் சூடுபிடிக்கும் என்பதால் அவற்றில் நமக்கு அதிர்ஷ்டம் குறைவு. மிதுனப் பொழிவு அப்படியல்ல. அது இரவு பத்து மணிக்கே பார்க்கும்படி உயர்ந்துவிடுகிறது. டிசம்பர் நடுவில் மழையும் தளரத் தொடங்கியிருக்கும். புயலோ தாழ்வுமண்டலமோ கடந்து போன பிறகு வடக்கிலிருந்து வறண்ட காற்று வந்தால், ஒன்றிரண்டு இரவுகள் துடைத்துவிட்டாற்போல் வானம் தெளிவதும் உண்டு. ஆகவே உச்ச நாளை மட்டும் நம்பாமல், டிசம்பர் 12 முதல் 15 வரை நான்கு இரவுகளையும் கையில் வைத்துக்கொள்வது நல்லது. ஜனவரி 4 வாக்கில் வரும் குவாட்ரன்டிட்ஸ் பொழிவுக்கு வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம்; ஆனால் அதன் உச்சம் சில மணி நேரமே நீடிக்கும், அது நம் பகலில் விழுந்தால் ஒன்றுமில்லை.

நிலவைப் பற்றி ஒரு சுலபமான குறிப்பு. மிதுனப் பொழிவின் உச்சம் கார்த்திகை மாதம் 28ஆம் தேதியை ஒட்டி வரும். கார்த்திகைத் தீபம் பௌர்ணமியை ஒட்டி வருவது. எனவே தினசரி காலண்டரில் தீபத் திருநாள் எப்போது என்று பார்த்தால் போதும். நவம்பர் கடைசியில் தீபம் வந்தால் டிசம்பர் நடுவில் அமாவாசை. பொழிவுக்கு இருட்டு வானம். 2023இல் நவம்பர் 26 அன்று தீபம். பொழிவு அமாவாசையை ஒட்டி வந்தது. 2024இல் திருவண்ணாமலை மகாதீபம் டிசம்பர் 13. பொழிவின் உச்ச இரவும் அதுவே. அன்று நிலவொளியில் மங்கலானவை எல்லாம் அடிபட்டுப் போயின. 2026இல் டிசம்பர் 9 வாக்கில் அமாவாசை. 13, 14 தேதிகளில் வளர்பிறை நிலா இரவு பத்து மணி வாக்கில் மறைந்துவிடும் என்பதால் நள்ளிரவுக்குப் பின் முழு இருட்டு.

மேகப் படத்தைப் படித்தல்

இந்திய வானிலை ஆய்வுத் துறை இன்சாட் செயற்கைக்கோள் படங்களை இணையத்தில் தொடர்ந்து வெளியிடுகிறது. இரவில் பார்க்க வேண்டியது அகச்சிவப்புப் படம். அதில் வெள்ளையாகத் தெரிவது குளிர்ந்த, உயரமான மேகம். ஒரு தடை இங்கே உண்டு. தாழ்ந்த மேகத்தின் வெப்பநிலை நிலத்தையும் கடலையும் ஒட்டியே இருப்பதால், அகச்சிவப்புப் படத்தில் அது எளிதில் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறதே என்று மாடிக்குப் போனால் தலைக்கு மேல் கூரை போட்டிருக்கும். ரேடார் படமோ மழைத்துளியைத்தான் காட்டும். மழை பெய்யாத மேகத்தை அது கண்டுகொள்ளாது. இரண்டையும் பார்த்துவிட்டு, மூன்றாவதாக மாடிக்குப் போய் ஒருமுறை பார்ப்பதே சரியான முறை. தொடர்ச்சியாக நான்கைந்து படங்களை ஓட்டிப் பார்த்தால் அடுத்த இடைவெளி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது புரியும்.

மேகம் எல்லாம் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மிக உயரத்தில் பஞ்சை இழைத்துவிட்டதுபோல் இருக்கும் கீற்று மேகத்தில் பிரகாசமான எரிகற்கள் ஊடுருவித் தெரியும். திட்டுத் திட்டான திரள்மேகத்தில் இடைவெளிகள் முழுத் தெளிவாக இருக்கும். வானம் முழுக்க ஒரே சாம்பல் போர்வையாக இருந்தால் மட்டுமே படுக்கப் போகலாம். அப்போதும் மிகப் பெரிய தீக்கோளம் ஒன்று வந்தால் மேகம் ஒரு கணம் உள்ளிருந்து வெளுக்கும். மின்னல் என்று நினைத்துவிடுவோம்.

1872: ஒரு தந்தியும் ஒரு மேக இடைவெளியும்

சென்னை மேகமும் எரிகல் பொழிவும் சேர்ந்து உலக வானியலில் இடம்பெற்ற நிகழ்ச்சி ஒன்று உண்டு. பள்ளிப் புத்தகங்களில் வராதது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பியலா என்ற வால்மீன் 1846இல் இரண்டாகப் பிளந்தது; 1852க்குப் பிறகு காணாமல் போயிற்று. 1872 நவம்பர் 27 அன்று, அந்த வால்மீனின் பாதையைப் பூமி கடந்தபோது ஐரோப்பாவில் எரிகற்கள் மழையாகவே பொழிந்தன. இத்தாலியில் ஒரு குழு ஆறரை மணி நேரத்தில் 33,400 எண்ணியது. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் இருந்த கிளிங்கர்ஃபியூஸ் என்ற வானியலாளர் இதை வேறு விதமாக யோசித்தார். தூசி ஆண்ட்ரோமீடா திசையிலிருந்து வந்து பூமியை உரசிச் சென்றிருந்தால், வால்மீனின் எச்சம் இப்போது அதற்கு எதிர்த்திசையில், தெற்கு வானில், சென்டாரஸ் விண்மீன் குழுவின் ஒரு விண்மீனுக்கு அருகே விலகிச் சென்றுகொண்டிருக்க வேண்டும். ஜெர்மனியிலிருந்து அந்த வானப்பகுதி தெரியாது. சென்னையிலிருந்து தெரியும். பியலா 27ஆம் தேதி பூமியைத் தொட்டது, இன்ன விண்மீன் அருகே தேடுங்கள் என்ற பொருளில், நுங்கம்பாக்கத்தில் இருந்த சென்னை வானாய்வகத்தின் தலைவர் நார்மன் போக்சனுக்கு நவம்பர் 30 அன்று தந்தி கொடுத்தார். தந்தி ரஷ்யா வழியாக ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்துச் சென்னை வந்து சேர்ந்தது.

போக்சன் விடியுமுன் தொலைநோக்கியருகே போய் நின்றார். மேகமும் மழையும். மறுநாள் விடியலிலும் அதே கதை. மூன்றாம் விடியலில், ஐந்தேகால் மணி வாக்கில், மேகத்தில் ஒரு நீலக் கீற்று திறந்தது. அதில் வால்மீன் போன்ற ஒன்றை உடனே கண்டார். அதற்கடுத்த விடியலிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு வானம் மூடிக்கொண்டது. வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. பின்னாளில் கணக்கிட்டவர்கள், அவர் கண்டது பியலா இருந்திருக்க வேண்டிய இடத்தில் இல்லை, அது வேறொரு வால்மீனாக இருக்க வேண்டும் என்றார்கள். எப்படியானாலும், கார்த்திகை மாதச் சென்னை வானில் கிடைத்த இரண்டு மேக இடைவெளிகள்தான் அந்தப் பொருளைப் பற்றி உலகிடம் இருக்கும் எல்லாச் சான்றும். நுங்கம்பாக்கத்தில் அந்த வானாய்வகம் இருந்த இடத்தில் இன்று வானிலை ஆய்வு மையம் இருக்கிறது.

மாடியில் உட்காரும்போது

தொலைநோக்கி வேண்டாம், அது வானத்தின் சிறு துண்டைத்தான் காட்டும். பாய் விரித்துப் படுத்துக்கொள்வதோ சாய்வு நாற்காலியோ போதும். தாம்பரத்திலிருந்து பார்த்தால் சென்னையின் ஒளி வடக்கிலும் வடகிழக்கிலும் மேகத்தில் பட்டுத் திரும்பும். எனவே முகத்தைத் தெற்கு அல்லது தென்மேற்காக வைத்து, 50, 60 பாகை உயரத்தைப் பாருங்கள். புனர்பூசத்தையே உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. எரிகற்கள் வானத்தின் எந்தப் பகுதியிலும் தோன்றும். அவற்றின் கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் மட்டுமே அது புனர்பூசத்தருகே போய்ச் சேரும். மேகத்தில் திறப்பு எங்கே இருக்கிறதோ அங்கே பார்வையை மாற்றிக்கொள்ளவும் தயங்க வேண்டாம்.

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். கைபேசியை ஒருமுறை பார்த்தால் அந்த உழைப்பு வீண். குறிப்பெடுக்க வெளிச்சம் வேண்டுமானால் டார்ச் விளக்கின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொள்ளலாம். மழை ஓய்ந்த இரவுகளில் கொசுவும் பனியும் இரண்டும் உண்டு, போர்வை அவசியம். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்குப் பிள்ளைகளை இருட்டில் அனுப்பக் கூடாது. தூரத்தில் இடி கேட்டாலே இறங்கிவிட வேண்டும். எரிகல்லுக்காக மின்னலின் கீழே நிற்பது புத்திசாலித்தனம் அல்ல.

கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மூன்று செய்திகளை எழுதுங்கள்: எத்தனை எரிகற்கள், பார்த்த பகுதியில் எத்தனை பங்கு மேகம், எவ்வளவு மங்கலான விண்மீன் தெரிந்தது. மூன்றாவதற்கு ஓரியன் உதவும். அதன் தலைப்பக்கத்தில், நாம் மிருகசீரிடம் என்னும் மங்கலான விண்மீன் தெரிந்தால் எல்லை ஏறக்குறைய 3.5. இந்த மூன்றும் இருந்தால்தான் பாதி மேகத்தில் எண்ணிய ஆறும், தெளிந்த வானில் இன்னொருவர் எண்ணிய பதின்மூன்றும் ஒரே பொழிவைத்தான் சொல்கின்றன என்று காட்ட முடியும். பன்னாட்டு எரிகல் அமைப்பு உலகெங்கும் உள்ள ஆர்வலர்களிடமிருந்து இத்தகைய பதிவுகளைத்தான் வாங்கிக்கொள்கிறது. மேகம் கூடக் கூடத் திருத்தம் நம்பத்தகாததாகும் என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 229ஆம் பாட்டில், கூடலூர் கிழார் வானிலிருந்து ஒரு மீன் விழக் கண்டதையும் அதற்கு ஏழாம் நாள் சேர மன்னன் இறந்ததையும் பாடுகிறார். இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்று இன்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் பங்குனி மாதத்தின் முற்பகுதி, உச்சியிலிருந்து சாய்ந்த விண்மீன், அதற்கு எதிரே எழுந்த விண்மீன், மறைந்துகொண்டிருந்த விண்மீன் என்று அவர் தருவது ஒரு முறையான பதிவு. கடிகாரம் இல்லாமல் நேரத்தைக் குறிக்கும் வழி அது.

முழுவதும் மூடினால்

எரிகல் போகும் வழியில் காற்றின் அணுக்கள் மின்னூட்டம் பெற்று ஒரு நீண்ட தடமாகச் சிறிது நேரம் நிற்கின்றன. அந்தத் தடம் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும். மேகம் இந்த அலைகளுக்கு ஒரு பொருட்டே அல்ல. பகல் வெளிச்சமும் அல்ல. இத்துறையில் இந்தியர்கள் முன்னோடிகள். கொல்கத்தாவில் சிசிர் குமார் மித்ராவும் உடன் பணியாற்றியவர்களும், எரிகல் பொழிவு அயனி மண்டலத்தில் ஏற்படுத்தும் மாற்றத்தை ஆராய்ந்து 1934இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். இன்று திருப்பதிக்கு அருகே காடங்கியில், விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் உள்ள 53 மெகாஹெர்ட்ஸ் ரேடார் எரிகல் தடங்களைப் பதிவு செய்கிறது. நாம் தாம்பரத்திலிருந்து வடமேற்கே பார்க்கும் எரிகற்கள் பல அந்த ரேடாரின் தலைக்கு மேல் செல்பவைதான். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவிலும் ஓர் எரிகல் ரேடார் இருக்கிறது; தடங்கள் நகர்வதை வைத்து மேல்வளிமண்டலக் காற்றை அளப்பது அதன் வேலை.

வீட்டில் ஒரு பழைய எஃப்.எம். வானொலிப் பெட்டி இருந்தால் இதன் எளிய வடிவத்தைச் செய்து பார்க்கலாம். சென்னை நிலையம் எதுவும் இல்லாத, ஆனால் ஆயிரம் கி.மீ. தொலைவில் ஏதாவது ஒரு நகரத்தில் நிலையம் இயங்கும் அலைவரிசையில் நிறுத்த வேண்டும். மும்பையும் புவனேசுவரமும் ஏறக்குறைய அந்தத் தொலைவில்தான் இருக்கின்றன. சாதாரணமாக அந்த அலை பூமியின் வளைவைத் தாண்டி நம்மிடம் வராது. வெறும் இரைச்சல் கேட்கும். நடுவழியில் ஓர் எரிகல் தடம் உண்டானால், அரை விநாடியோ இரண்டு விநாடியோ ஒரு சொல்லோ பாட்டின் துணுக்கோ திடீரென்று தெளிவாகக் கேட்டு மறையும். கைபேசியில் உள்ள வானொலி இதற்கு உதவாது. அலை பலவீனமானால் அது தானாகவே ஒலியை அடக்கிவிடும். திருகித் திருகி நிலையம் பிடிக்கும் பழைய பெட்டியும், மாடியில் கட்டிய ஒரு முழக் கம்பியும் மேல்.

மின்னல் 'கரகர'வென்று வெடிப்பொலியாகக் கேட்கும். எரிகல் தடமோ பேச்சையோ பாட்டையோ கொண்டுவரும் என்பதால் இரண்டையும் பிரித்தறியலாம். நம் பகுதிக்கே உரிய இன்னொரு குழப்பம் விமானம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களும் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் விமானங்களும் வானொலி அலையைத் திருப்பிவிடக்கூடும். அவற்றால் வரும் ஒலி மெல்ல எழுந்து, அலைபோல் ஏறி இறங்கி, பல விநாடிகள் நீடிக்கும். எரிகல்லினுடையது சட்டென்று உச்சத்தில் தொடங்கித் தேயும். நள்ளிரவு தாண்டி விமானங்கள் குறைந்த பிறகு, அதாவது புனர்பூசம் மேலே ஏறியிருக்கும் அதே நேரத்தில், கேட்பது எளிது.